வணிகக் கல்வியும் முற்றத்தில் நிற்கிற லான்ட்மாஸ்டரும்

உயர்தர வணிகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றுக்கும் கடந்தகால வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பிச் செய்தே எங்கள் பிள்ளைகள் நல்ல பெறுபேறு எடுக்கிறார்கள், ஆனால் வீட்டுக் கணக்கு என்று வந்தால் பேனையைத் தொடுவதில்லை. எனக்கு இது பெரிய கவலை. பெறுமானத் தேய்வு (ஒரு பொருள் பாவிக்கப் பாவிக்க அதன் பெறுமதி குறைவது) படிப்பிக்க ஏன் எப்போதும் ஒரு கற்பனைக் கம்பனியின் இயந்திரம்? முற்றத்தில் நிற்கிற லான்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போடச் சொல்லுங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு உழவு, விதை, பசளை, வெட்டுக்கூலி, அப்பா அம்மாவின் உழைப்பு எல்லாம் எழுதி (சொந்த உழைப்பை நாங்கள் செலவாகவே எழுதுவதில்லை, அதனால்தான் நட்டம் கண்ணில் படுவதில்லை) ஒரு கிலோவுக்கு அடக்கவிலை என்ன என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், பிறகு அறுவடை நேரம் வியாபாரி சொல்லும் விலைக்கு விற்பதா, காயவைத்து வைத்திருப்பதா என்று வீட்டில் பேசும்போது அந்தப் பிள்ளையின் சொல்லும் எடுபடும்.

நுண்கடனில் வாரத் தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்த அம்மாமார் வன்னியில் எத்தனை பேர்! உண்மையான ஆண்டு வட்டியைக் கணக்குப் போட வகுப்பிலேயே பழக்கலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, வணிகக் கற்கைகள் பீடமும் அங்கேயே இருக்கிறது. அந்த மாணவர்கள் மாதத்தில் ஒரு நாள் எங்கள் பாடசாலைகளுக்கு வரமுடிந்தால் வகுப்பு ஒழுங்கு செய்ய நான் தயார். ஆசிரியர்மார் யாராவது சேருகிறீர்களா?