காலையில் மட்டும் வந்த பெட்ரோல் வாடை

மூன்று வாரம், இரண்டு பட்டறை, தேவையே இல்லாமல் மாற்றிய ஒரு டேங்க் மூடி. கடைசியில் குற்றவாளி, சுண்டுவிரல் நகத்தளவு ரப்பர் வளையம்.

என் காருக்கு இருபது வயதாகிவிட்டது. காலையில் இன்ஜினை இயக்கியதும் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். பத்து நிமிடம் ஓடிவிட்டால் சுவடே இருக்காது. முதல் மெக்கானிக், "பழைய வண்டி என்றால் வாடை வரத்தான் செய்யும் சார்" என்று டேங்க் மூடியை மாற்றி அனுப்பிவிட்டார். இரண்டாமவர் கொஞ்சம் அக்கறையானவர். விறைத்து வெடித்திருந்த பெட்ரோல் குழாயைக் காட்டி மாற்றினார். அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். வாடை போகவில்லை என்பதுதான் பிரச்சினை. மறுபடி போனால், "எங்கேயும் ஈரமே இல்லையே" என்கிறார். எப்படி இருக்கும்? அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய வண்டி. கசிந்தது சூட்டில் ஆவியாகிவிடும்; ரப்பரும் சூடேறி விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, இரவு முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் நானே பார்த்தேன். வண்டியை இயக்காமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பினால் பம்ப் ஓரிரு விநாடி ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றும். நான்கைந்து முறை அப்படிச் செய்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்த்தேன். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்டர்கள் நான்கில், மூன்றாவதன் மேல்முனையில் காகிதம் நனைந்தது. அந்த இணைப்பை அடைத்திருக்கும் ரப்பர் வளையம்தான் போயிருந்தது. மற்ற மூன்றையும் சுற்றி அழுக்கு அப்பியிருக்க, அங்கே மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. கசிந்த பெட்ரோல் கழுவிய இடம் அது! இத்தனை நாளும் கண்ணில் பட்டதுதான். சுத்தமாக இருக்கும் இடத்தை யார் சந்தேகிப்பார்கள்?

இன்ஜெக்டரைக் கழற்றும் வேலை எளிது. பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும். சூடு முழுவதும் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். அப்போதும் கொஞ்சம் பெட்ரோல் வழியும். கீழே துணி வையுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒன்று போய்விட்டது என்றால் மற்றவற்றுக்கும் அதே வயதுதானே, எல்லா வளையங்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையம் வேண்டவே வேண்டாம். அது பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

நான் சொதப்பியது மாட்டும்போது. வளையத்தை உலர்வாகவே வைத்து அழுத்தினேன். அது மடங்கிக் கிழிந்தது எனக்குத் தெரியவில்லை. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. முன்பு கசிவு, இப்போது ஊற்று! இன்ஜின் குளிர்ந்திருந்ததால் பிழைத்தேன். மறுநாள் புது வளையம் வாங்கி, ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவியதும் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. டிஷ்யூவும் நனையவில்லை.

இரண்டாம் மெக்கானிக்கிடம் பழைய வளையத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தால் காலையில் கண்டுபிடித்திருப்பேனே சார்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.