நாய்க்கு எடுத்தோம், பூனைக்கு எடுக்கவில்லை: செல்லப்பிராணி இன்ஷூரன்ஸை எடைபோட்ட விதம்

செல்லப்பிராணிக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது லாபமா என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு லாபமில்லை என்பதுதான் பதில். கட்டும் பிரீமியத்தில் நிறுவனத்தின் செலவும் லாபமும் போக மீதிதான் கிளெய்மாகத் திரும்பி வருகிறது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றிலிருந்து தொடங்கினோம்: நாளைக் காலையில் பெரிய ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், கடன் வாங்காமல், வீட்டின் மற்ற செலவில் கைவைக்காமல், எவ்வளவு எடுத்துவைக்க முடியும்? அந்தத் தொகைக்குள் அடங்கும் பில்லுக்கு இன்ஷூரன்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டும் பில்லுக்காகத்தான் அது. கையில் பணமில்லை என்ற ஒரே காரணத்தால், பிழைக்கக்கூடிய ஒரு உயிரை ஊசி போட்டு முடித்துவைக்க வேண்டிய நிலை வரக் கூடாது. பிரீமியம் அதற்கான விலை. மற்றதெல்லாம் அந்த விலை நியாயமா என்று பார்ப்பதுதான்.

வீட்டில் இருப்பவை ஒரு லாப்ரடார் குட்டியும், பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒரு பூனையும். இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போட்டோம். விடை வேறுவேறாக வந்தது.

முதல் வேலை, இதுவரை காட்டிய எல்லா இடங்களிலிருந்தும் சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்குவது. ரசீது போதாது, ஒவ்வொரு முறையும் டாக்டர் எழுதிவைத்த குறிப்பு வேண்டும். கிளெய்ம் போடும்போது நிறுவனம் கேட்டு வாங்கிப் படிப்பது இதைத்தான். "வலது பின்னங்காலை ஊன்றத் தயங்குகிறது, இரண்டு நாள் ஓய்வு" என்று ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும். பின்னாளில் அதே காலில் முழங்கால் லிகமென்ட் அறுந்தால், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த கோளாறு என்று கிளெய்மைத் தள்ளிவிட முடியும். நோய்க்குப் பெயர் வைத்த தேதியை அவர்கள் பார்ப்பதில்லை, அறிகுறி முதலில் தெரிந்த தேதியைத்தான் பார்க்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாலிசி எடுப்பவர்கள்தான் கடைசியில் ஏமாந்து போகிறார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இருபக்க விதி. முழங்கால், இடுப்பு, கண் போல ஜோடியாக இருக்கும் உறுப்புகளில் ஒரு பக்கம் முன்பே கோளாறு இருந்திருந்தால், மறுபக்கத்தையும் முன்பே இருந்ததாகவே பல பாலிசிகள் எடுத்துக்கொள்ளும். ஒரு முழங்கால் லிகமென்ட் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்குப் பிறகு மற்றக் காலிலும் அறுந்துவிடுகிறது. ஆகவே பாலிசிப் பத்திரத்தில் ஒரே வரியில் கிடக்கும் இந்த விதி, பணத்தில் இன்னொரு முழு ஆபரேஷனுக்குச் சமம். இதற்கு மாறாக, காதுச் சீழ், சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு போன்ற முழுதாகக் குணமாகிற தொல்லைகளை ஆறு மாதமோ ஒரு வருடமோ அறிகுறியில்லாமல் கடந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளும் பாலிசிகளும் உண்டு. சர்க்கரை நோய், இதய நோய், தோல் அலர்ஜி ஆகியவற்றுக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது.

சில நிறுவனங்கள், கேட்டால் சிகிச்சைக் குறிப்பை முன்கூட்டியே படித்துப் பார்த்து, எவற்றுக்குப் பணம் தர மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிடும். கட்டாயம் கேளுங்கள். போனில் சொல்லும் வாக்குறுதி கிளெய்ம் நாளில் நிற்காது.

காத்திருப்புக் காலமும் இங்கேதான் வருகிறது. விபத்துக்குச் சில நாட்கள், நோய்க்குப் பெரும்பாலும் 14 முதல் 30 நாட்கள், முழங்கால் லிகமென்ட்டுக்கும் இடுப்பு மூட்டுக்கும் சில பாலிசிகளில் ஆறு மாதம் வரை. அதற்குள் தலைகாட்டும் எந்த அறிகுறியும் முன்பே இருந்த நோயாகிவிடும். ஆக, பாலிசிக்கு மதிப்பு அதிகம் இருப்பது குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில்தான், குறிப்பில் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் தவிர வேறெதுவும் ஏறாத சமயத்தில்.

அடுத்தது, இனத்துக்கு இனம் கோளாறு வரும் இடம். லாப்ரடாருக்கு முழங்கால் லிகமென்ட், இடுப்பு, முன்னங்கால் முட்டி. அதோடு கண்ணில் பட்டதை விழுங்கும் பழக்கம். சாக்ஸோ பொம்மைத் துண்டோ குடலை அடைத்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். டாக்ஸ்ஹுண்டுக்கு முதுகெலும்பு வட்டு, பக்குக்கும் புல்டாக் வகைகளுக்கும் மூச்சும் கண்ணும், கிரேட் டேனுக்கு வயிறு முறுக்கிக்கொள்வது, டாபர்மேனுக்கு இதயத் தசை, கவலியர் ஸ்பானியலுக்கு இதய வால்வு. பூனைகளில் பெர்சியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள், மெய்ன் கூனுக்கும் ராக்டாலுக்கும் இதயத் தசை தடிப்பது. இனம் எதுவானாலும் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது; இரண்டு நாள் தாமதித்தாலே உயிர் போகும். கலப்பின விலங்குகளுக்குப் பிரீமியம் குறைவாக இருக்கும். அவற்றுக்குச் சில பரம்பரை நோய்களின் ஆபத்து குறைவு, ஆனால் வாகனமும் விஷமும் இனம் பார்ப்பதில்லை.

பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஸ்வீடனில் பெரும்பாலான நாய்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. கருத்தடை செய்யும் வழக்கமோ அங்கே நெடுங்காலம் குறைவாக இருந்தது. அந்த இன்ஷூரன்ஸ் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், பத்து வயதுக்குள் பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கருப்பையில் சீழ் பிடித்தது தெரியவந்தது. அவசர ஆபரேஷன் வேண்டியிருக்கும் நோய் அது. கருத்தடைச் செலவைச் சாதாரண பாலிசி தராது. ஆனாலும் வரக்கூடிய பெரிய பில்களில் ஒன்றை வேரோடு எடுத்துவிடும் செலவு அதுதான்.

இனத்தின் ஆபத்து தெரிந்த பிறகு, வழக்கமாகக் காட்டும் டாக்டரிடமும் இரவிலும் திறந்திருக்கும் பெரிய மருத்துவமனையிலும் தோராய மதிப்பீடு கேட்டோம்: முழங்கால் லிகமென்ட் ஆபரேஷன், குடலடைப்பு ஆபரேஷன், மூன்று நாள் உள்நோயாளிச் சிகிச்சை, சர்க்கரை நோய்க்கு ஒரு வருடச் செலவு. இந்த எண்கள் இல்லாமல் பாலிசி விளம்பரத்தில் இருக்கும் உச்சவரம்பு பெரிதா சிறிதா என்று சொல்லவே முடியாது.

இனி கணக்கு. பணத்தின் பெயர் வேண்டாம். ஒரு மாதப் பிரீமியத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12. நாம் முதலில் கையிலிருந்து போட வேண்டிய டிடக்டபிள் வருடத்துக்கு 8, அதற்கு மேல் உள்ளதில் நிறுவனம் தருவது 80 சதவீதம். இரண்டாம் வருட நடுவில் 100க்கு ஒரு பில் வருகிறது. 100இல் 8 போக 92. அதில் 80 சதவீதம் 73.6 திரும்பி வரும். நாம் போடுவது 26.4. அதுவரை கட்டிய பிரீமியம் சுமார் 18. மொத்தம் 45க்குள் முடிகிறது. இன்ஷூரன்ஸ் வேண்டாம், மாதம் 1 சேமிக்கிறோம் என்றிருந்தால் கையில் 18தான் இருக்கும். 82க்கு வேறு வழி தேட வேண்டும். சேமிப்பின் பலவீனம் இதுதான்: நிறையக் காலம் வேண்டும், ஆபத்து அதுவரை பொறுப்பதில்லை.

அதே கணக்கில் சில பாலிசிகள் வரிசையை மாற்றிப் போடும். முதலில் 80 சதவீதம், பிறகு 8ஐக் கழிப்பது. அப்போது வருவது 72. வித்தியாசம் சின்னது, டிடக்டபிள் பெரிதாகப் பெரிதாக அதுவும் பெரிதாகும். வருட உச்சவரம்பு 60 என்று இருந்தால் கணக்கு என்ன சொன்னாலும் 60தான். பில்லைப் பார்க்காமல் ஒவ்வொரு நோய்க்கும் இவ்வளவுதான் என்று அட்டவணை வைத்திருக்கும் பாலிசிகளில், முன்னால் கேட்டு வாங்கிய மதிப்பீட்டை அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால் அந்தப் பாலிசியை ஒதுக்கிவிடலாம். விலங்கு இறந்தாலோ திருடுபோனாலோ தரும் தொகையே முதன்மையாக இருந்து, சிகிச்சை கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் பகுதியாக இருக்கும் பாலிசிகளும் விற்கின்றன. அதில் சிகிச்சைப் பகுதியின் வரம்பை மட்டும் தனியாகப் படியுங்கள்.

நாள்பட்ட நோயில் படம் மாறுகிறது. வருடத்துக்கு 20 செலவாகும் நோய் என்று வைத்தால், 20இல் 8 போக 12. அதில் 80 சதவீதம் 9.6. கட்டுவது 12, வருவது 9.6. டிடக்டபிளை வருடத்துக்கு வருடம் வாங்காமல் ஒரு நோய்க்கு ஒரே முறை வாங்கும் பாலிசியாக இருந்தால் இரண்டாம் வருடத்திலிருந்து 16 வரும். ஒரு நோய்க்கு முதல் 12 மாதம் மட்டும் தருகிற பாலிசி என்றால் பிறகு ஒன்றுமே வராது. பிரீமியம் மலிவாக இருக்கும் பாலிசிகளில் இந்த 12 மாத வரம்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். வருடத்துக்கு 10 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் கட்டிய மொத்தம் 144 ஆக இருக்காது, சுமார் 257 ஆகிவிடும். கடைசி வருடத்து மாதத் தவணை 2.85. ஏற்றம் 15 சதவீதம் என்றால் மொத்தம் சுமார் 348, கடைசித் தவணை 4.65. முதல் வருட விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் நாய்க்கு ஒன்பது பத்து வயதாகும்போது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், பாலிசியைக் கைவிட வேண்டிவரும். அதனால் பிற்காலத் தவணையையும் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் தவணையைக் கட்ட வேண்டும்.

இந்தக் கணக்குகளிலிருந்து நாய்க்கு எடுத்த பாலிசியின் உருவம் தானாகவே வந்தது: அதிக டிடக்டபிள், அதிக உச்சவரம்பு, விபத்தும் நோயும் இரண்டும், பாலிசியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்வரை நாள்பட்ட நோய்க்கும் தொடரும் பணம். சின்னப் பில்களை நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் கணிசமாக இறங்கும். தடுப்பூசி, உண்ணி மருந்து, வருடாந்திரப் பரிசோதனை ஆகியவற்றுக்கான கூடுதல் திட்டத்தைச் சேர்க்கவில்லை. எப்போது எவ்வளவு ஆகும் என்று தெரிந்த செலவுக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு?

பூனைக்கு வேண்டாம் என்றானதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. அந்த வயதில் புதிதாகச் சேர்க்கும் பாலிசிகள் குறைவு. சேர்த்தாலும் ஒவ்வொரு பில்லிலும் நம் பங்கு கூடும். அதைவிட முக்கியம், அதன் குறிப்பில், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக அளவுகள் உயர்ந்திருப்பதாக ஏற்கனவே பதிவாகியிருக்கிறது. சிறுநீரகம் விலக்கானால், அதாவது அதற்குப் பணம் தர மாட்டோம் என்று ஆனால், அதோடு தொடர்புடைய ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் விலக்காகும். பசியின்மை, வாந்தி, எடைக் குறைவு என்று எது வந்தாலும் அதன் தலையிலேயே கட்டிவிட இடமிருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே போகாத கிழட்டுப் பூனைக்கு மிஞ்சுவது அபூர்வமான விபத்தும் சிறுநீரகத்தோடு சம்பந்தமில்லாத நோய்களும்தான். எனவே ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, பிரீமியமாகப் போயிருக்கும் பணத்தை மாதாமாதம் அதோடு சேர்க்கிறோம். வேறெதற்கும் அதைத் தொடுவதில்லை.

பாலிசி எடுத்த பிறகு கவனிக்க வேண்டியவை. பத்திரம் கைக்கு வந்ததும் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் காலம் சில வாரங்கள் இருக்கும். முழுப் பத்திரத்தையும் அதற்குள் படித்துவிட வேண்டும். பெரும்பாலும் பில்லை நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க முடியும், ஆகவே இன்ஷூரன்ஸ் இருந்தாலும் அவசரத்துக்குக் கையில் பணமோ கிரெடிட் கார்டோ தேவை. திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன்அனுமதி வாங்கிவிடுங்கள். பில்லில் மருந்து, பரிசோதனை, அறை வாடகை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கிளெய்ம் அனுப்ப 90 நாள், 180 நாள் என்று கெடு உண்டு. தடுப்பூசி தவறியிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்குப் பணம் வராது. வருடம் ஒருமுறை பல் பரிசோதனை செய்த பதிவு இல்லையென்றால் பல் சிகிச்சைக்கும் பல பாலிசிகள் தருவதில்லை.

டாக்டரிடம் சொல்லும்போது தெரிந்ததை மட்டும், துல்லியமாகச் சொல்லுங்கள். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் பாலிசியே செல்லாததாகிவிடும். "கொஞ்ச நாளாகவே இப்படித்தான்" என்று பேச்சுவாக்கில் சொல்வது அப்படியே குறிப்பில் ஏறும். உண்மையில் நேற்று மாலை தொடங்கியதாக இருந்தால் அதையே சொல்ல வேண்டும். எந்தப் பக்கத்துக் கால், எந்தப் பக்கத்துக் காது என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும்.

புதுப்பிக்கும் கடிதத்தில் புதிய பிரீமியத்தோடு நிற்காமல், டிடக்டபிள், வருட வரம்பு, வயதால் கூடிய நம் பங்கு, புதிதாக நுழைந்த விலக்கு ஆகியவற்றைப் பழைய பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை தாங்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குத் தாவுவதற்கு முன் டிடக்டபிளை உயர்த்திக் கேட்கலாம். புது நிறுவனத்தில் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும். இதுவரை சிகிச்சை பார்த்ததெல்லாம் முன்பே இருந்த நோயாகும். வரம்பைக் குறைப்பது எளிது. பின்னால் மறுபடி உயர்த்தினால், இடையில் வந்த நோய்களுக்கு அந்தக் கூடுதல் தொகை பொருந்தாமல் போகலாம். குறைப்பதற்கு முன் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.