குரோமா, பொலிஷா? – நாலு ரிம்களின் நாட்குறிப்பு

2023 ஆகஸ்ட் 5, சனி – திருகோணமலை

வந்திருப்பது நாலு அலோய் ரிம். 15 அங்குலம், நாலு நட், நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. வார்ப்பு அலுமினியம். முகம் கடைசலில் சீவி மேலே லெக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்தது. கார் இரவில் கடற்கரைப் பக்கம் நிற்பது ரிம்மைப் பார்த்தாலே தெரிகிறது. லெக்கருக்கு அடியில் கறையான் மண் இழுத்தது போல வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஒரு கல் பட்ட புள்ளி. அந்தப் புள்ளியால் உப்பு ஈரம் இறங்கி, லெக்கருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் ஊர்ந்து போயிருக்கிறது. மேலே தொட்டால் வழுவழுப்பு; நகத்தால் சுரண்டினால் லெக்கர் தோலாக உரிகிறது.

உரிமையாளரின் கேள்வி: குரோம் பூசுவதா, பொலிஷ் பண்ணுவதா? ஷோரூமில் நிற்கிற காருக்கு என்றால் பதில் வேறு. உப்புக்காற்றில் ஓடுகிற காருக்கு, அடுத்த முறை பழுதானால் எதைக் கையால் திருத்தலாம் என்பதுதான் கணக்கு.

ஆகஸ்ட் 6

குரோம் என்று எல்லாரும் சொல்வது உண்மையில் நிக்கல். கண்ணுக்குப் படும் குரோமியப் படை கால் மைக்ரோனில் இருந்து அரை மைக்ரோன் வரைதான். அதற்குக் கீழே 25 முதல் 40 மைக்ரோன் நிக்கல், அதற்கும் கீழே செம்பு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்று வைத்துப் பார்த்தால் விளங்கும். குரோமியத்தின் வேலை நிக்கல் மங்காமலும் கீறுப்படாமலும் பார்ப்பது. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது நிக்கல்தான்.

அலுமினியத்தில் நேரே நிக்கல் ஒட்டாது. காற்றுப் பட்டதும் அலுமினியம் தனக்கு ஒரு ஒக்சைட் தோல் போட்டுக்கொள்ளும். அதை அசிட்டில் கழற்றி, நாகக் (சிங்க்) கரைசலில் தோய்த்து, அந்த நாகத்தை உரித்து, இரண்டாம் தரமும் தோய்த்து, பிறகுதான் செம்பு. இரண்டாவது தோய்ப்பைத் தவிர்க்கிற இடத்தில் கொடுத்தால் பூச்சு ஒரு மழைக்குத் தாங்காது. வார்ப்பு ரிம்மில் இன்னொரு வில்லங்கம்: உலோகத்துக்குள் ஊசிமுனை அளவு காற்றுத் துளைகள். பூச்சுத் தொட்டியின் கரைசல் அவற்றுக்குள் தங்கிப் பிறகு உள்ளிருந்தே கொப்புளம் கிளப்பும்.

குரோம் பூசுகிற இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நிக்கல் எத்தனை மைக்ரோன்? நாகத் தோய்ப்பு ஒன்றா இரண்டா? நட் அமரும் கூம்பையும் ஹப்பில் (ரிம் பொருந்தும் அச்சுத் தலை) படும் பின்முகத்தையும் மூடிவிட்டுப் பூசுவார்களா? மூன்றாவதற்குச் சிரித்தால் ரிம்மைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரலாம். நட் கூம்பில் பூச்சு இருந்தால் முறுக்கும்போது அது நசுங்கி உதிரும், நட் தளரும்.

ஆகஸ்ட் 9

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு காரின் குரோம் ரிம். காற்று நிற்காதென்று ரயர் கடைக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ரயர் விளிம்பு முழுக்க நுரை; வால்விலோ ரயரிலோ பழுதில்லை. ரயரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. விளிம்பு உட்காரும் வளையத்தில் குரோம் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. ஒரு செதிலைக் கத்தி முனையால் தூக்கினால் அடியில் வெள்ளை மா, அதன் கீழ் அரிசி அளவுக் குழி.

உப்புத் தண்ணீரில் நிக்கலும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டால் பற்றரிதான். தேய்வது அலுமினியம். வெளியே தெரியும் அலுமினியம் ஊசித் துளை அளவு, சுற்றியிருக்கும் நிக்கல் ரிம் அளவு. அதனால் அந்தத் துளையில் தேய்மானம் வேகமாக உள்ளே போகும். மேலே எவ்வளவு துடைத்தாலும் அடியில் நடப்பது நிற்காது. செய்யக்கூடியது, வளையத்துச் செதில்களைக் கம்பித் தூரிகையால் முழுக்கச் சுரண்டி, விளிம்பு சீலர் (காற்றுக் கசிவை அடைக்கும் பசை) பூசி ரயரை ஏற்றுவது. முகத்தைத் திருத்த வேண்டுமென்றால் நிக்கலையும் செம்பையும் சேர்த்து அலுமினியம் வரை உரித்து, குழிகளை நிரப்பி, முதலில் இருந்து தொட்டிப் பூச்சு. நடுவில் ஒரு வழியில்லை.

(பழைய மொரிஸ் மைனர் வீல் கப் இன்னும் மின்னுகிறதே என்று கேட்பார்கள். அது இரும்புத் தகடு. அதில் நிக்கல் நன்றாகப் பிடிக்கும், பழுதானால் துரு வெளியே தெரியும்.)

முடிவு: பொலிஷ்.

ஆகஸ்ட் 12, சனி

ரயர் கழற்றி, பெயின்ற் ரிமூவர் தடவி, பொலித்தீன் சுற்றி 20 நிமிடம். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டல். இரண்டு தரம் தேவைப்பட்டது. கோஸ்ரிக் சோடா வேண்டாம். பெயின்றோடு அலுமினியத்தையும் தின்று கறுப்பாக்கும். ரிம்மின் உள்வயிற்றுப் பெயின்றை விட்டுவைத்தாயிற்று. அங்கே மினுக்கம் ஒருவருக்கும் தெரியாது, பெயின்ற்தான் காவல்.

வெறும் உலோகம் வந்ததும் வெடிப்புச் சோதனை. உள் விளிம்பிலும் நட் துளைகளைச் சுற்றியும் மண்ணெண்ணெய் பூசி கால் மணி நேரம், பிறகு நன்றாகத் துடைத்து, சோக்கைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து மெல்லிய பூச்சு. காய்ந்த வெள்ளையில் ஈரக் கோடு எழும்பினால் வெடிப்பு. மூன்று ரிம் சுத்தம். நாலாவதில் உள் விளிம்பில் 3 செ.மீ. நெளிவு, வெடிப்பில்லை. வெடித்த ரிம்மை மினுக்குவது பிணத்துக்குப் பொட்டு வைக்கிற வேலை.

ஆகஸ்ட் 13

வோட்டர் பேப்பர் (தண்ணீரோடு தேய்க்கும் தாள்; இலக்கம் கூடக் கூட நைசு) வரிசை: குழி உள்ள இடத்தில் 180, மற்ற இடம் 240, பிறகு 400, 600, 800, 1000, 1500. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். ஒரு ரிம்முக்கு 240இல் மூன்று தாள், மற்றவை இரண்டிரண்டு. ஒவ்வொரு இலக்கத்துக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்ற வேண்டும். முந்திய இலக்கத்தின் கோடு முழுக்கப் போனால்தான் அடுத்தது. 240 கோடு ஒன்று தப்பிப் போனால் அது 1500 வரை தெரியாது. பஃப் (மினுக்கும் துணிச் சக்கரம்) பட்டதும் பளிச்சென்று சிரிக்கும். திரும்ப 400க்குப் போக வேண்டும். முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் பள்ளமும் மேடும் தானாகத் தெரியும்.

முதல் ரிம்முக்கு ஏழு மணித்தியாலம். முக்கால்வாசி நேரம் கம்பிகளின் இடுக்கில்.

ஆகஸ்ட் 19

பஃப் நாள். 6 அங்குலச் சக்கரம், மோட்டார் நிமிடத்துக்கு 2850 சுற்று. முதலில் தைத்த கடினத் துணிச் சக்கரத்தில் மண்ணிற மினுக்கும் கட்டி, பிறகு தைக்காத மெல்லிய பருத்தியில் வெள்ளைக் கட்டி. இரண்டுக்கும் ஒரே சக்கரத்தைப் பாவிக்கக் கூடாது. மண்ணிறத்தின் பரல் ஒன்று இருந்தாலே வெள்ளை வேலை வீண். அழுத்தி ஒரே இடத்தில் வைத்தால் அலுமினியம் சூடேறி இழுபடும், தோடம்பழத் தோல் மாதிரி வரும். இரும்பு மினுக்கிய சக்கரம் பக்கத்திலும் வேண்டாம்: அலுமினியத் தூளும் துருத் தூளும் சேர்ந்த இடத்தில் ஒரு தீப்பொறி போதும்.

கடைசியில் தங்குகிற கறுப்புப் பசைக்குக் கோதுமை மா. ஒரு பிடி மாவைத் தூவி, காய்ந்த பருத்தித் துணியால் தேய்த்தால் எண்ணெயெல்லாம் மாவோடு வரும்.

வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் ஏறக்குறைய நூற்றுக்கு 7. அது மினுங்காது. ஆகவே பக்கத்தில் குரோம் வைத்துப் பார்த்தால் பொலிஷ் கொஞ்சம் சாம்பல் சாயலாகத்தான் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 20

லெக்கர் இல்லை. கண்ணாடி போன்ற முகத்தில் லெக்கருக்குப் பிடியில்லை, கல் பட்டால் பழைய கறையான் கோடுதான். வாக்ஸ் இரண்டு கை, இடையில் ஒரு மணித்தியாலம். சமநிலை எடை உள்பக்கம் ஒட்டுகிற வகை. விளிம்பில் கொழுவும் ஈயம் கீறும். நட் 103 நியூற்றன் மீற்றர், குறுக்கும் மறுக்குமாக. 100 கி.மீ. ஓடிய பின் இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

செப்டெம்பர் 17

நிலப்பக்கத்தால் அடிக்கும் கச்சான் காற்றின் மாதம். புழுதிதான், உப்பு குறைவு. நாலும் நல்லாயிருக்கிறது. கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர், காய்ந்தால் புள்ளி விழும். குத்துவிளக்கு மினுக்கும் புளியை இதில் காட்ட வேண்டாம், அமிலம் தின்று மங்கலாக்கும். கக்கூஸ் கழுவும் அசிட் அதைவிட மோசம், குரோமையே கரைக்கும்.

டிசெம்பர் 10

கடற்பக்கத்தால் வரும் வாடைக் காற்று தொடங்கிவிட்டது. மூன்று வாரம் கழுவாமல் விட்ட முன் இடது ரிம்மில் பால் போன்ற மங்கல், கம்பி அடியில் பிரேக் தூள் தங்கிய இடத்தில் ஐந்தாறு ஊசிப் புள்ளி. மங்கல் கையால் மெற்றல் பொலிஷ் போட்டு 15 நிமிடத்தில் போனது. புள்ளிகள் போகவில்லை. அவற்றுக்கு ரயரைக் கழற்றத் தேவையில்லை: அந்த இடத்தில் மட்டும் 800, 1000, 1500, பிறகு வெள்ளைக் கட்டி. 240க்கு இறங்க வேண்டாம். வாக்ஸ் இனி பங்குனி வரை இரண்டு கிழமைக்கொருக்கால்.