ஏறுதா, இறங்குதா?

அனல் மின் நிலையச் சாம்பல் பறக்கும் எண்ணூர் பக்கம் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொடியிலிருந்து எடுத்ததும் நாலு உதறு உதறிவிட்டுத்தான் மடிப்போம், இல்லையென்றால் வெள்ளைச் சட்டையின் மடிப்பில் சாம்பல் கோடு விழுந்துவிடும். போன ஞாயிறு அப்படி உதறிக்கொண்டிருந்தபோது, பரீட்சைக்குப் படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, உலகத்துல அணு கரன்ட்டு ஏறுதா, இறங்குதா?"

"ரெண்டும்தான்டா" என்றேன். முறைத்தான்.

1954-ல் சோவியத் ஒன்றியத்தின் ஒப்னின்ஸ்கில் வெறும் 5 மெகாவாட்டோடு ஆரம்பித்த கதை இது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் பிரான்ஸ் மடமடவென்று உலைகளைக் கட்டித் தள்ளியது. நம் தாராப்பூர் 1969, கல்பாக்கம் 1984. அப்புறம் 1979-ல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு, 1986-ல் செர்னோபில் என்று அடுத்தடுத்து விபத்துகள்; செலவும் ஏறிப்போக, புது உலைக்குக் கை வைக்கவே பல நாடுகள் யோசித்தன, ஆனாலும் கட்டிய உலைகள் ஓடிக்கொண்டிருந்ததால் உற்பத்தி மெல்ல ஏறி 2006-ல் உச்சம் தொட்டது. 2011 புகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பான் உலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியதில் உலகக் கணக்கிலேயே பள்ளம். 2023-ல் ஜெர்மனி கடைசி மூன்றையும் மூடியது. ஆனாலும் சீனா விடாமல் கட்டியதும் கைகொடுக்க, 2024-ல் பழைய உச்சமும் தாண்டியாயிற்று: கிட்டத்தட்ட 2.67 லட்சம் கோடி யூனிட்.

சரி, ஏறுகிறது. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் உலக மின்சாரத்தில் 17 சதவீதமாக இருந்த அணுவின் பங்கு இப்போது 9 சதவீதம்தான். உலகத்தின் தேவை அதைவிட வேகமாகப் பெருத்துவிட்டது, அந்த இடைவெளியை நிரப்பியதில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. அணுவோ அனலோ, தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியால் டர்பைனைச் சுழற்றும் வேலைதான் இரண்டிலும். நம்மூர்க் கரியை 100 கிலோ எரித்தால் 30, 40 கிலோ சாம்பலாக மிஞ்சும், அதில் ஒரு சிட்டிகைதான் என் சட்டையில்.

அதற்காக அணு உலைக்குக் கொடி பிடிக்கவில்லை. கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மீனவர்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

"மொத்தம் ஏறுது, பங்கு இறங்குது, ரெண்டையும் எழுதிக்கோ" என்றேன்.

"ஒரு மார்க் கேள்வி மாமா!"