சட்டம் வருமுன் வந்த முதலீடு

சுற்றுச்சூழல் விதிகளைக் கடுமையாக்கினால் அந்நிய நேரடி முதலீடு வேறு இடம் தேடிப் போய்விடும் என்று வாதிடுவோர், பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் வாழும் எங்களைப் போன்ற தமிழர்களிடம் கோக்கோ கோலா ஆலை மூடப்பட்ட பிளாச்சிமடாவையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த ஊர் எனக்கு நேர்மாறான ஒன்றையே சொல்கிறது.

பிளாச்சிமடா இருக்கும் சித்தூர் வட்டம் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல) கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைந்த, கிணற்றை நம்பிய வேளாண் பூமி. இங்குள்ள பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்த அந்த ஊரில் கோக்கோ கோலாவின் இந்தியத் துணை நிறுவனம் 2000இல் ஆலையைத் தொடங்கியபோது, நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்தும் தனிச் சட்டம் கேரளத்தில் இல்லை. அது 2002இல்தான் இயற்றப்பட்டது. கிணற்று நீர் கெட்டுவிட்டதென்று எரவாளர் உள்ளிட்ட பழங்குடி மக்கள் ஆலை வாசலில் போராடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து என்றும் அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றும் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மறு ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது.

எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற கேள்விக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, அதுவும் ஆலை மூடிய பின்னர் விடை சொல்வதைக் கடுமையான ஒழுங்குமுறை என்று எப்படி அழைப்பது? கடுமையான விதியின் செலவை முதலீட்டாளர் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடலாம். இன்னும் எழுதப்படாத விதியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தளர்ந்த விதிகளைத் தேடியே மூலதனம் ஓடும் என்ற பொருளியல் கருதுகோளுக்கு இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் கலவையானவை. குளிர்பானத் தொழிலுக்கு அது இன்னும் குறைவாகவே பொருந்தும் என்பது என் கருத்து, ஏனெனில் எடை மிகுந்த சரக்கை விற்பனைச் சந்தைக்கு அருகிலேயே தயாரித்தாக வேண்டும். வாளையாற்று எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தாலும் கழிவுநீருக்கு 1974ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே பொருந்தும். வேறுபடுவது நிலத்தடி நீர்ச் சட்டம். தமிழ்நாடு 2003இல் இயற்றிய அத்தகைய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது.

நுழைவாயிலில் கேட்காத கணக்கு பின்னால் வேறொருவர் தலையில் விழுகிறது. 2010இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு ஆலையால் நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாயாக மதிப்பிட்டது. அதைப் பெற்றுத்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை.