பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆய்வு: பல்கலைக்கழக நகர ஆய்வுத் திட்டத்தில் என் அனுபவம்

பல்கலைக்கழகங்கள் நடத்தும் நகர ஆய்வுத் திட்டங்களைப் பற்றி இளைய மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். விண்ணப்பம் எப்படி எழுதுவது, கைடு எப்படிக் கிடைப்பார், கிரெடிட் உண்டா என்பவைதான் பெரும்பாலும் கேள்விகள். எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் முதுகலைப் படிப்பின்போது அப்படி ஒரு திட்டத்தில் தொடக்கத்திலிருந்து கடைசி வரை இருந்தவன் என்ற முறையில், அவர்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆய்வுக் கேள்வி முடிவாகும் முன்பே, ஆய்வு நடக்கப்போகும் குடியிருப்புக்குப் போய் உட்காருங்கள். அனுமதி, நிதி, களப்பணி, அறிக்கை எல்லாம் நேராவதும் கோணலாவதும் அதைப் பொறுத்துத்தான்.

எங்கள் திட்டத்தின் அமைப்பு வழக்கமானதுதான். பல்கலைக்கழகத்தின் நகர ஆய்வு மையம் ஆண்டுக்கு ஒருமுறை முன்மொழிவு கேட்கும். மாணவர் குழு, வழிகாட்டும் ஆசிரியர், ஆய்வு நடக்கும் பகுதியின் மக்கள் அமைப்பு என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். தேர்வானால் சிறு நிதியும் கருவிகளும் கிடைக்கும், பாடத்தில் கிரெடிட்டும் உண்டு. மூன்றாவது கையெழுத்தைக் கடைசி நாளில் ஓடிப்போய் வாங்குகிற குழுக்கள் நிறைய. எங்கள் கைடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. முன்மொழிவில் ஒரு வரிகூட எழுதாமல் முதலில் போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார்.

எங்கள் மனதில் இருந்தது நகர வெப்பம். கட்டடம் நெருங்கிய பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை லூக் ஹோவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் அளந்து எழுதிவிட்டார். இன்று லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்பப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை வைத்துப் பகுதிவாரியாக ஒரு வரைபடம் போடலாம் என்பது குழுவின் யோசனை.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்கள். அப்புறம் ஒரு வயதான அம்மா, "வெயில் இருக்குன்னு சொல்லவா தம்பி இத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேலை முடிந்து பிற்பகலில் திரும்புகிறவர்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாமல் தவிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எந்த நிறுத்தத்தில் கூரை இருந்தும் நிழல் வேறு பக்கம் விழுகிறது, எந்தப் பேருந்து எப்போதும் தாமதம், யார் எந்தக் கடைவாசலில் ஒதுங்கி நின்று ஓடிவந்து ஏறுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இன்னொருவர் சொன்னதும் மறக்கவில்லை: "இதுக்கு முன்னாடியும் வந்தாங்க, எழுதிக்கிட்டுப் போனாங்க. அந்தக் காகிதம் எங்க கைக்கு வந்ததே இல்ல."

கேள்வி அங்கேயே மாறியது. எந்த நிறுத்தத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது? அங்கே உடம்பு தாங்கும் சூடு எவ்வளவு? இதற்குச் செயற்கைக்கோள் உதவாது. ஒரு லேண்ட்சாட் 16 நாளுக்கு ஒருமுறைதான் அதே இடத்தின் மேல் வரும், அதுவும் காலை பத்து மணி வாக்கில். அதன் வெப்ப உணரி பார்க்கும் சதுரம் 100 மீட்டர் அகலம். அது அளப்பதும் கூரை, தார்ச்சாலை இவற்றின் மேற்பரப்புச் சூட்டை. பிற்பகலில் ஒரு மனிதர் நிற்கும் இடத்துக் காற்றை அது அறியாது. எங்கள் முன்மொழிவைத் தேர்வுக்குழு கவனித்ததற்கு இதை விளக்கிய ஒரு பத்திதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். அதை எழுத வைத்தது அந்த அம்மாவின் கேள்வி.

இப்படி மக்களிடமிருந்து கேள்வி வருவது புதிய வழக்கமில்லை. 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 'அறிவியல் கடை' என்ற அமைப்புகள் தொடங்கின. ஊர் அமைப்புகள் தங்கள் கேள்வியைக் கொண்டுவரும், மாணவர்கள் அதைப் பாடத்தின் பகுதியாக ஆராய்வார்கள். அதற்கும் முன்னால், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் தங்கியிருந்த பெண்கள், தங்கள் சுற்றுப்புறத்தில் குடும்பங்கள் எங்கிருந்து வந்தவை, வாரக்கூலி எவ்வளவு என்பதை வரைபடமாக்கி 1895இல் வெளியிட்டார்கள். அங்கேயே வாழ்ந்தவர்கள் செய்த ஆய்வு அது. அந்த வேறுபாடு எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி. மாணவர்கள் அதிகம் அலுத்துக்கொள்ளும் கட்டம் இது. படிவங்கள், திருத்தங்கள், மறுபடியும் படிவங்கள். ஆனால் இந்தக் குழுக்கள் ஏன் வந்தன என்று தெரிந்தால் அலுப்பு குறையும். அமெரிக்காவின் டஸ்கிகீயில் சிஃபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், மருந்து வந்த பிறகும் சிகிச்சை தராமல், 1932 முதல் 1972 வரை ஆய்வு என்ற பெயரில் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். அது வெளியே வந்த பிறகு எழுந்ததுதான் 1979இன் பெல்மான்ட் அறிக்கை. மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என்ற அதன் மூன்று கொள்கைகள் இன்றும் பல நெறிமுறைக் குழுக்களின் படிவங்களுக்கு அடிப்படை.

எங்களிடம் குழு கேட்டவை கூர்மையான கேள்விகள். வாசிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் எப்படி வாங்குவீர்கள்? நிறுத்தத்தில் நிற்பவர்களைப் படம் எடுப்பீர்களா? ஒருவர் வேலைக்குப் போகும் நேரமும் ஏறும் இடமும் உங்கள் தாளில் இருந்தால், அது யார் கையில் போய்ச் சேரும்? சம்மதக் கடிதத்தைப் பேச்சுத்தமிழில் ஒரு பக்கத்துக்குள் மாற்றி எழுதினோம். வாசித்துக் காட்டி வாய்மொழியாகச் சம்மதம் பெற்று, சாட்சியோடு குறித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பெயரும் முகவரியும் வாங்குவதில்லை, முகம் தெரியும் படம் கிடையாது என்று முடிவானது. தரவின் ஒரு பிரதி சங்கத்திடம் இருக்கும், அவர்கள் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது என்று தனி ஒப்பந்தமும் போட்டோம். இந்த ஒப்பந்தத்தை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நீங்களே கேட்டுப் போடுங்கள்.

பணத்தில்தான் உண்மையான சிக்கல். அந்தப் பகுதி இளைஞர்களும் சில பெண்களும் எங்களோடு அளவெடுக்கச் சம்மதித்திருந்தார்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுப்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம், மாணவர்களுக்குக் கிரெடிட் கிடைக்கும்போது அவர்கள் மட்டும் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்? நிதிப் பிரிவோ ரசீது, வங்கிக் கணக்கு, விலைப்புள்ளி என்று பொருள் வாங்குவதற்கான முறையிலேயே நின்றது. கடைசியில் மையத்தின் ஒருங்கிணைப்பாளர், சங்கத்தின் கணக்குக்கே ஒரே தொகையாக அனுப்பி அவர்கள் பிரித்துக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்தார். இதை முன்மொழிவிலேயே தனி வரியாக எழுதிவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை.

களப்பணியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நிழலிலும் வெயிலிலும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உடம்புக்குத் தெரியும் வித்தியாசம் சூரியனிலிருந்தும் சுற்றியுள்ள சுவர், தரையிலிருந்தும் வரும் கதிர்வீச்சால் வருகிறது. அதை அளக்க ஒரு கோளத்துக்குள் வெப்பமானியை வைப்பார்கள். பழைய முறையில் அது 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்புச் செம்புக் கோளம். நாங்கள் 40 மில்லிமீட்டர் டேபிள் டென்னிஸ் பந்துக்குப் பளபளப்பில்லாத வண்ணம் பூசி, உள்ளே உணரியைச் செருகினோம். ஆய்வாளர்கள் பலரும் பயன்படுத்தும் மலிவான வழி இது. பந்தின் சூடு, காற்றின் சூடு, காற்றின் வேகம் மூன்றும் இருந்தால் கதிர்வீச்சைக் கணக்கிடலாம். பந்தைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு பள்ளி மாணவி, இரண்டு நாளில் எங்களைவிடச் சுத்தமாக அளவெடுத்தாள். காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் தாளையும் அவள்தான் மாற்றி வரைந்தாள். 'பேருந்து வந்தது' என்பதோடு 'வந்தும் ஏற முடியவில்லை' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். கூட்டம் காரணமாக அடுத்த பேருந்துக்கு நிற்பவர்களின் காத்திருப்பு அந்தக் கட்டம் இல்லாவிட்டால் எங்கள் கணக்கிலேயே வந்திருக்காது.

இங்கே ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். கடும் வெயில் மாதங்களில் பல்கலைக்கழகம் தேர்விலும் விடுமுறையிலும் இருக்கும். செமஸ்டர் கணக்கில் கட்டிய திட்டம், அளக்க வேண்டிய பருவத்தில் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அந்த வாரங்களில் ஆய்வைத் தொடர்ந்தவர்கள் குடியிருப்புக்காரர்கள்தான். கட்டுரையில் அவர்களும் ஆசிரியர்களாக இடம்பெற வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு இதுவும் காரணம். விரும்பியவர்களின் பெயர் இடம்பெற்றது.

முடிவுகளை முதலில் சங்கக் கூட்டத்தில்தான் வைத்தோம். வரைபடத்தைத் தரையில் விரித்து, 'இது சரியா, எது விட்டுப்போச்சு' என்று கேட்டோம். ஒரு நிறுத்தத்தில் எங்கள் எண் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் அளந்த சமயத்தில் பக்கத்துக் கட்டட வேலைக்கான சாரத்தின் நிழல் அங்கே விழுந்திருக்கிறது. மறுபடி அளந்து திருத்தினோம். எத்தனை மென்பொருள் இருந்தாலும் இந்தத் திருத்தம் வேறு எங்கிருந்தும் வந்திருக்காது.

குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்து ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் படித்திருந்தோம். கீழ்ப்படியில் மக்களைப் பேருக்கு உட்கார வைப்பது, மேல்படியில் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடமே இருப்பது. சங்கச் செயலாளரிடம் அதை விளக்கி, நாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்று கேட்டேன். "நடுவுல. அதிகாரி முன்னாடி யார் பேசறாங்கன்னு பார்த்துட்டு மிச்சத்தைச் சொல்றேன்" என்றார். நியாயமான பதில். உள்ளாட்சி அதிகாரிகளைச் சந்தித்தபோது அவர்களே பேசினார்கள், நாங்கள் எண்களைக் கேட்டால் சொல்வதற்காகப் பின்வரிசையில் இருந்தோம். இரண்டு பக்கச் சுருக்கமும் ஒரு வரைபடமும் மட்டும் கொடுத்தோம். நீண்ட அறிக்கையை மையத்துக்குத் தனியாக எழுதினோம்.

சில நிறுத்தங்களில் கூரையை நிழல் விழும் பக்கம் நீட்டித்தார்கள். பேருந்து நேரத்தை மாற்றும் கோரிக்கை இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. கருவிகளும் அளவெடுக்கும் குறிப்பும் சங்கத்திடமே உள்ளன. அடுத்த அணி மாணவர்கள் அந்தக் கோரிக்கையைத் தொடர்கிறார்கள், அவர்களுக்கு அளவெடுக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் பள்ளி மாணவி. நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால் அழைப்பு வருவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே உங்கள் பகுதி அமைப்பின் கூட்ட நாளை விசாரித்து வையுங்கள்.