தந்தியைத் தளர்த்திய புண்ணியவான்கள்

கடைக்காரரிடம் வாங்கினால் பேரம் பேசலாம், சண்டை போடலாம். நம்மைப் போலவே வாத்தியப் பைத்தியம் பிடித்தவர்களிடம் வாங்கினால் இரண்டுக்கும் வழியில்லை. அரக்கோணத்தில் மூன்று நண்பர்கள் கூட்டாக வைத்திருந்த பழைய டபுள் பேஸ், அதாவது ஆள் உயர வயலின் மாதிரியான வாத்தியம், இப்போது சத்துவாச்சாரியில் என் வீட்டு ஹாலில் நிற்கிறது. வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய இருந்த காலத்தில் டான்ஸுக்கு வாசித்தது என்றார்கள். இருக்கலாம். கதைக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். "முழுக்கச் செதுக்கின கட்டை தம்பி" என்றார் மூத்தவர். எஃப் வடிவ ஓட்டையின் விளிம்பில் மொபைல் டார்ச்சை அடித்தேன். மூன்று அடுக்கு பளிச்சென்று தெரிந்தது. பிளைவுட்! எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் செதுக்கின பலகை வெடித்துத் தொலைக்கும், பிளைவுட் ஓரளவு தாங்கும். அவர் முகம் சுருங்கியது, விலையும் கொஞ்சம் சுருங்கியது.

விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். கீழே ஓரிடத்தில் மட்டும் 'டொக்' போய் 'டர்ர்' என்றது. பசை விட்டிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தால் வேறென்ன ஆகும்? அது சின்ன வேலை. ஆனால் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

முன்பணம் கை மாறிய பிறகுதான் ராணிப்பேட்டையில் இருக்கும் மூன்றாவது பங்காளிக்கு விற்கவே மனசில்லை என்று சொன்னார்கள். லீவு போட்டுப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்புறம் ஃபோனில் பிடித்தேன். "வாசிப்பீங்களா, இல்ல ஷோவுக்கு வெக்கப் போறீங்களா சார்?" என்று ஒரே விசாரணை. எங்கள் சர்ச் கொயரின் ரெக்கார்டிங்கை அனுப்பிய பிறகே மனிதர் இறங்கி வந்தார். கூட்டுச் சொத்து என்றால் எல்லாப் பங்காளிகளும் ஒன்றாக உட்காராமல் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

எடுத்து வரும் அன்றைக்குத்தான் பெரிய கூத்து. குட்டி யானை பிடித்து, மெத்தையெல்லாம் விரித்துக்கொண்டு போனேன். "இன்னா சார், வீணைக்கு இவ்ளோ பெரிய மெத்தையா?" என்றார் டிரைவர். மூவரும் வாசலில் பெருமையாக நின்றார்கள். "பத்திரமாப் போகணும்னு தந்தி எல்லாத்தையும் லூஸ் பண்ணிட்டோம் தம்பி." எனக்கு வயிற்றைக் கலக்கியது. லேசாகச் சாய்த்தேன். உள்ளே கடகடவென்று ஒரு கட்டை உருண்டது. சவுண்ட் போஸ்ட்!

அதை யாரும் ஒட்டி வைப்பதில்லை. நான்கு எஃகுத் தந்திகளும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுக்கும், அந்த அழுத்தத்தில்தான் அது உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கிறது. அது விழுந்திருக்கும்போது தந்தியை முறுக்கினால் மேல்பலகையே உள்ளே அமுங்கிவிடும். "ஒரு பாட்டு வாசிச்சுட்டுப் போங்க" என்று மூவரும் கெஞ்சினார்கள். நான் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, பேஸை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கிளம்பினேன். நீங்கள் ஏற்றுவதாக இருந்தால் தந்தியை யாரும் தொட வேண்டாம், பிரிட்ஜுக்கு இருபுறமும் ஸ்பான்ஜ் வைத்துக் கட்டினால் போதும்.

அந்தக் கட்டையை நிறுத்த வேலூரில் ஆள் கிடைக்கவில்லை. கிட்டார் கடையில் "ஆம்ப் ஒயரா சார்?" என்றார்கள். கடைசியில் சென்னை வயலின் ரிப்பேர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வந்தபோது மடக்கிப் பிடித்தேன். வயலினில் பென்சில் கனத்துக்கு இருக்கும் குச்சி, இதில் கட்டை விரல் கனம். வளைத்த கம்பியில் குத்தி, ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மெல்லிய ஜி தந்திப் பக்கத்து பிரிட்ஜ் காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினார். நான் கண்ணாடியும் டார்ச்சும் பிடித்தேன். அவர் மனைவி தரிசன நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

புதுத் தந்தி ஒரு செட் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வில் விலையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் வில் ராணிப்பேட்டைக்காரரிடம் இருக்கிறது. "அது தனி சார்" என்கிறார்.